ஒன்பது நிமிடம் முந்தி வந்த உச்சி

சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தை அளக்க நாங்கள் நிறுத்திய கோல் சாயவில்லை. நான்கு தடவை தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தாயிற்று. பலகை மட்டமாகத்தான் கிடக்கிறது. ரசமட்டத்தில் குமிழி நடுவிலேயே நிற்கிறது. நேரம் பார்த்தது கைப்பேசியில், அதிலும் பிழையில்லை. ஆனாலும் செப்டம்பர் 23 அன்று 12 மணி 11½ நிமிடத்துக்கு வந்த உச்சி, நவம்பர் 3 அன்று 12 மணி 2½ நிமிடத்துக்கே வந்துவிட்டது. ஒன்பது நிமிடம் எங்கே போனது என்று தேடுவதிலேயே எங்கள் வீட்டில் இந்த இலையுதிர் காலம் ஓடிப்போனது.

பெரியவளுக்கு 11 வயது, சின்னவனுக்கு 7. இருவருக்கும் வீட்டில்தான் படிப்பு. ஊருக்கு வெளியே, வயலை ஒட்டிய வீடு. பாடம் நடப்பது பெரும்பாலும் சமையலறை மேசையில். தெற்குப் பக்கம் ஒரு பெரிய சன்னல். செப்டம்பர் தொடக்கத்தில் ஒருநாள் சின்னவன் பெருக்கல் வாய்ப்பாட்டை விட்டுவிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். போன மாதம் சன்னலடியிலேயே நின்ற வெயில் இப்போது மேசைக்காலைத் தொடுகிறது, ஏன் என்று கேட்டான். சூரியன் தாழ்ந்துகொண்டே போகிறது என்றேன். எவ்வளவு தாழ்கிறது என்றாள் பெரியவள். அது எனக்குத் தெரியவில்லை. சரி, அளந்துவிடலாம் என்று மூவரும் வெளியே போனோம்.

முதல் முயற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தோட்டத்தில் கிடந்த ஒரு மீட்டர் குச்சியைப் புல்லில் நட்டோம். மணிக்கொரு தடவை நிழல் நுனியில் கூழாங்கல் வைத்தோம். மறுநாள் காலையில் கோழிகள் கற்களை எல்லாம் கிளறித் தள்ளிவிட்டிருந்தன. கோழி கிளறாவிட்டாலும் அது தேறியிருக்காது. புல்தரை மேடும் பள்ளமுமாக இருந்தது. அதைவிடப் பெரிய தகராறு ஒன்று இருந்தது. நிழலின் நுனி எது என்பதில் அக்காவும் தம்பியும் ஒத்துப்போகவே இல்லை. அவள் விரல் வைத்த இடத்துக்கும் அவன் வைத்த இடத்துக்கும் ஒரு செ.மீ. வித்தியாசம். நான் போய்ப் பார்த்தால் இரண்டுமே சரி போலத்தான் இருந்தது.

காரணம் எளிமையானது. சூரியன் ஒரு புள்ளி இல்லை. வானத்தில் அரை பாகை அகலமுள்ள வட்டு. அதனால் ஒரு மீட்டர் தள்ளி விழும் எந்த நிழலுக்கும் விளிம்பில் ஏறக்குறைய ஒரு செ.மீ. மங்கல் இருந்தே தீரும். குச்சியின் நுனியைக் கூராகச் சீவினால் நிழல் கூராகிவிடும் என்று நினைத்துக் கத்தியை எடுத்தேன். சீவச் சீவ நுனி நிழலே காணாமல் போனது. அரை மணி நேரம் வீண்.

இதற்குத் தீர்வு, நிழலை விட்டுவிட்டு வெளிச்சத்தைப் பிடிப்பது. ஒரு தகட்டில் துளை போட்டு அதன் வழியே வெயிலை விட்டால், கீழே விழும் பொட்டு உண்மையில் சூரியனின் உருவம்தான். வட்டமான பொட்டுக்கு நடு எது என்று சொல்வது எளிது. கண்ணுக்கும் ஆபத்தில்லை, யாரும் சூரியனை நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை. கொட்டகையில் கிடந்த தகர மூடியிலிருந்து 12 செ.மீ. சதுரமாக ஒரு தகடு வெட்டினேன். முதலில் 1.5 மி.மீ. துளை போட்டேன். பொட்டு அழகாக, சின்னதாகத்தான் இருந்திருக்கும், கண்ணுக்குத் தெரிந்திருந்தால். பட்டப்பகலில் அவ்வளவு மங்கலான பொட்டைத் தேடுவது முடியாத காரியம். துளையை 4 மி.மீ. ஆக்கியதும் சட்டென்று வந்தது, சுமார் 16 மி.மீ. அகலத்தில், தகட்டின் சதுர நிழலுக்கு நடுவே ஒரு பளிச்சென்ற வட்டம். சின்னவன் உள்ளங்கையில் அதை ஏந்திக்கொண்டு, கையை மேலே தூக்கத் தூக்கப் பொட்டு சிறுத்துப் பளபளப்பதைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றான். அன்றைய பாடம் அவ்வளவுதான்.

அப்புறம் அடிப்பலகை. 120 செ.மீ. நீளம், 80 செ.மீ. அகலத்தில் ஒரு ப்ளைவுட் துண்டு இருந்தது. அதன் தென்விளிம்பில் 4 செ.மீ. கனச் சட்டம் ஒன்றை நிறுத்தி, தலையில் தகட்டை வடக்குப் பக்கமாக நீட்டி ஆணியடித்தோம். (முதலில் சட்டத்தை வடக்கே நிறுத்தித் தகட்டைத் தெற்கே நீட்டியிருந்தேன். சரியாக உச்சி நேரத்தில் சட்டமே பொட்டை மறைத்தது. ஆணியைப் பிடுங்கி மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று.) சட்டத்தை இம்மி பிசகாமல் செங்குத்தாக நிறுத்த ஒரு மாலை முழுக்கப் போராடினேன். அது தேவையே இல்லாத பாடு. துளையிலிருந்து ஒரு தூக்குக்குண்டை இறக்கி, குண்டின் கூர் பலகையில் தொடும் இடத்தைக் குறித்துக்கொண்டால் போதும். எல்லா அளவும் அந்தப் புள்ளியிலிருந்துதான். சட்டம் கொஞ்சம் கோணலாக நின்றாலும் கவலையில்லை.

வடக்கு–தெற்குக் கோடு போட மிகப் பழைய வழி ஒன்று உண்டு. தூக்குக்குண்டுப் புள்ளியை மையமாக வைத்து ஒரு வட்டம். முற்பகலில் பொட்டு வெளியிலிருந்து வந்து வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு குறி. உச்சி தாண்டி அது மறுபடி வட்டத்தைக் கடந்து வெளியேறும் இடத்தில் இன்னொரு குறி. இரண்டுக்கும் நடுப்புள்ளியை மையத்தோடு சேர்த்தால் அதுதான் கோடு. திசைகாட்டி வேண்டாம். திசைகாட்டி காட்டுவது காந்த வடக்கு, அது பல இடங்களில் நிஜ வடக்கிலிருந்து பல பாகை விலகியிருக்கும். செப்டம்பர் 22 அன்று 80 செ.மீ. ஆரத்தில் வட்டம் போட்டுக் கோட்டைக் கண்டுபிடித்தோம். ஆணி, நூல், பென்சில், இவைதான் கருவிகள். பெரியவளுக்கு வடிவியலில் கோணத்தையும் கோட்டையும் இரண்டாகப் பிரிப்பது அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. நோட்டில் செய்தபோது சலித்துக்கொண்டவள், முழங்கால் போட்டு ப்ளைவுட் மேல் செய்தபோது வாயைத் திறக்கவில்லை.

செப்டம்பர் 23, சம இரவு நாள். வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. காலை 11 மணியிலிருந்து 1:20 வரை பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பொட்டின் நடுவில் பென்சில் புள்ளி. மொத்தம் 15. சம இரவு நாள்களில் மட்டும் பொட்டு நேர்கோட்டில் போகும் என்று படித்திருந்தேன், ஆனால் கண்ணால் பார்த்ததில்லை. கடைசிப் புள்ளி வைத்ததும் பெரியவள் ஒரு நூலை இழுத்துப் பிடித்தாள். பதினைந்தும் நூலடியில் வரிசையாக நின்றன. அதிகம் விலகியது 2 மி.மீ., அதுவும் சின்னவன் வைத்த புள்ளி. அவன் தும்மிவிட்டானாம்.

இந்த இடத்தில் ஒரு பெரிய தப்பு செய்தோம். உச்சி எப்போது என்று கண்டுபிடிக்க, பொட்டு மையத்துக்கு மிக அருகில் வந்த நேரத்தை எடுத்தோம். நிழல் மிகக் குறைந்த நேரம்தானே உச்சி? சொல்வதற்குச் சரி, அளப்பதற்கு உதவாது. உச்சிக்குப் பத்து நிமிடம் முன்பிருந்து உச்சி வரை தூரம் குறைவது வெறும் 2 மி.மீ. 16 மி.மீ. பொட்டில் 2 மி.மீ. மாற்றத்தை யார் பார்ப்பது? பெரியவள் 12:05 என்றாள், நான் 12:16 என்றேன். ஆனால் அதே பொட்டு பக்கவாட்டில் நிமிடத்துக்கு 5 மி.மீ.-க்கு மேல் ஓடுகிறது. ஆகவே பார்க்க வேண்டியது நீளத்தை இல்லை, கோட்டைக் கடப்பதை. பொட்டின் முன்விளிம்பு கோட்டைத் தொட்டது 12:10:00, பின்விளிம்பு விலகியது 12:13:00. நடுநேரம் 12:11:30. இப்படி இரண்டு விளிம்பையும் எடுத்தால் கால் நிமிடத்துக்குள் பிடித்துவிடலாம். ஒருவர் பொட்டைப் பார்க்க, ஒருவர் நேரத்தை உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லும் வேலை என் கணவருடையது. அடுப்புக்கு விறகு பிளப்பதைப் பாதியில் விட்டுக் கோடாரியோடு வந்து நின்று கைப்பேசியைப் பார்த்துக் கத்துவார். முந்தைய நாள்களில் சுவர்க் கடிகாரத்தை நம்பியிருந்தோம். அது நாலு நிமிடம் பின்தங்கியிருந்தது பிறகுதான் தெரிந்தது. அந்தக் குறிப்புகளை எல்லாம் அடித்துவிட்டோம்.

அட்சரேகைக் கணக்கு அன்று மாலை. சம இரவு நாளில் உச்சிச் சூரியன் தலைக்கு மேலிருந்து எத்தனை பாகை சாய்ந்திருக்கிறதோ அதுவே நாம் இருக்கும் அட்சரேகை. தூரம் 74.6 செ.மீ., உயரம் 100. கணக்கில் 36.72 பாகை வந்தது. வரைபடத்தில் எங்கள் வீடு 37.0. வித்தியாசம் 0.28 பாகை. ஒரு பாகைக்கு 111 கி.மீ. வீதம் பெருக்கினால் 31 கி.மீ. ‘அம்மா, கணக்குப்படி நம்ம வீடு ஏரிக்குள்ள இருக்கு’ என்றாள். வரைபடத்தில் அளந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. 100 செ.மீ. என்பது சட்டத்தின் உச்சி வரை நான் அளந்தது. துளை இருந்ததோ நீட்டிய தகட்டில், அது லேசாகத் தொங்கிப்போயிருந்தது. தூக்குக்குண்டு நூலையே டேப்போடு சேர்த்துப் பிடித்து அளந்தால் துளையின் உயரம் 98.8. அதைப் போட்டுக் கணக்குப் பார்த்தால் 37.06 பாகை. வீடு ஏரியிலிருந்து கரையேறி, ஆறேழு கி.மீ. பிழையில் வந்து நின்றது. தகர மூடியும் சட்டமும் வைத்து இதற்கு மேல் கேட்பது பேராசை.

இதற்குப் பிறகு அக்டோபர் வந்தது, வேலையும் வந்தது. விறகு அடுக்க வேண்டும், கோழிக் கூண்டின் வடக்குப் பக்கம் அடைக்க வேண்டும், இலை வாரி முடியவில்லை. காலைப் படிப்பு ஒன்பதரைக்கு மேல்தான் தொடங்கியது. பல நாள் பனிமூட்டம் உச்சி வரை விலகவே இல்லை. அந்த மாதத்தில் ப்ளைவுட் பலகையில் எடுத்த உச்சி அளவு ஒன்றே ஒன்று, அக்டோபர் 10 அன்று 12:06. அவசரத்தில் எடுத்தது, தப்பாக இருக்கும் என்று ஓரத்தில் எழுதி வைத்தேன். அந்தக் குறிப்பு நோட்டில் இன்னும் இருக்கிறது, பெரியவள் அழிக்க விடவில்லை.

பொட்டு மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தது. நாளுக்கு ஒரு செ.மீ.-க்குக் குறையாமல் வடக்கே நகர்ந்தது. செப்டம்பரில் 75 செ.மீ.-யில் இருந்தபோது 120 செ.மீ. பலகை தாராளம் என்று நினைத்தேன். தூக்குக்குண்டுப் புள்ளி விளிம்பிலிருந்து 10 செ.மீ. உள்ளே. ஆக மிச்சம் 110. அக்டோபர் 22 வாக்கில் பொட்டு பலகையை விட்டு இறங்கிப் புல்லில் விழுந்தது. தாளில் ஒரு முக்கோணம் வரைந்து பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். போதாக்குறைக்கு மழையில் நனைந்து ப்ளைவுட் நடுவில் ஒன்றரை செ.மீ. உப்பிவிட்டது. கோடு போட்ட காகிதம் எப்போதோ பனியில் கூழாகியிருந்தது.

மூன்றாவது வடிவம் பழைய கதவு. கொட்டகையின் பின்புறம் சாய்த்து வைத்திருந்தது, 200 செ.மீ.-க்கு 80, கனத்த மரம், தாழ்ப்பாள் துளை இன்னும் இருந்தது. எட்டுச் செங்கல் மேல் படுக்கவைத்து, ரசமட்டத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் வைத்து, தகரத் துண்டுகளை அடியில் செருகிச் செருகி மட்டப்படுத்தினோம். இதற்கு மட்டும் மூன்று மணி நேரம். மிச்சமிருந்த வெள்ளைப் பெயிண்டை அடித்தேன், அதுவும் பிசகு. வெயிலில் கண்ணைக் கூசியது, பொட்டுக்கும் சுற்றுப்புறத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை. கரித்தூள் கலந்து சாம்பல் நிறமாக்கி இன்னொரு பூச்சு. தகடு தொங்காமல் இருக்க அடியில் ஒரு முட்டு. இந்த முறை துளையின் நடு பலகையிலிருந்து சரியாக 100 செ.மீ. நூலோடு சேர்த்து டேப் பிடித்து, இருவர் தனித்தனியாக அளந்தோம்.

பலகை தயாரானதும் முதல் வாடிக்கையாளர் பூனை. பகலில் ஊரிலேயே சூடான இடம் அந்தக் கதவுதான் போல. உச்சி நேரத்தில் பூனை முதுகில் பொட்டு விழுந்து, இரண்டு நாள் அளவு எடுக்க முடியவில்லை.

அக்டோபர் 29 அன்று முதல் அளவு: 12 மணி 2¾ நிமிடம். நான் நம்பவில்லை. செப்டம்பரில் 12:11½ இருந்ததே. புதுக் கதவில் கோட்டைக் கோணலாகப் போட்டுவிட்டேன் என்று முடிவே கட்டிவிட்டேன். தூக்குக்குண்டு, மறுபடி தூக்குக்குண்டு. ரசமட்டத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தோம், ரசமட்டமே பொய் சொல்கிறதா என்று. இல்லை.

நவம்பர் 1 இரவு வானம் தெளிவாக இருந்தது. கோட்டின் வடமுனைக்கு நேரே உயரமான கம்பிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டோம். காற்றில் ஆடாமல் இருக்கக் குண்டை ஒரு வாளித் தண்ணீரில் முக்கினோம். கதவின் தென்முனையில் கோட்டின் மேல் தலையை வைத்து ஒவ்வொருவராகப் படுத்துப் பார்த்தோம். நூலின் மேல் அவர் டார்ச் அடித்தார். துருவ நட்சத்திரம் நூலுக்குப் பின்னே மறைந்து, தலையை ஒரு விரற்கடை அசைத்தால் வெளியே வந்தது. அந்த நட்சத்திரமும் நிஜ வடதுருவப் புள்ளியிலிருந்து ஒரு பாகைக்கும் குறைவாக விலகித்தான் இருக்கிறது. அந்த விலகலை முழுசாக எங்கள் மேல் போட்டாலும் இரண்டரை நிமிடம்தான் பிசகும். ஒன்பது நிமிடம் பிசகக் கோடு கிட்டத்தட்ட மூன்று பாகை கோணலாக இருக்க வேண்டும். பலகையில் அது 6 செ.மீ. கண்ணிலேயே தெரிந்துவிடும்.

நவம்பர் 3 அன்று மறுபடி வட்டம், 135 செ.மீ. ஆரத்தில். பொட்டு வட்டத்தைத் தொட்டது 11:10, வெளியேறியது 12:55. இரண்டு குறிகளுக்கும் நடுப்புள்ளி பழைய கோட்டின் மேலேயே விழுந்தது. இரண்டு நேரத்துக்கும் நடுநேரம் 12:02½. மையத்திலிருந்து பொட்டு 128 செ.மீ. விளிம்பு தொட்டது 12:01:10, விட்டது 12:04:00. எந்தப் பக்கம் போனாலும் அதே விடை. அன்றைய புள்ளிகள் செப்டம்பர் போல நேர்கோடாக இல்லை. நடுவில் கோலுக்கு அருகிலும் இரு முனைகளில் வடக்கே விலகியும், வில் போல வளைந்திருந்தன. அதைக்கூட ரசிக்காமல் நான் ரசமட்டத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

விடை வீட்டுக்குள் அலமாரி மேலேயே இருந்திருக்கிறது. சின்னவன் பூகோள உருண்டையைச் சுற்றிக்கொண்டிருந்தான். பழைய உருண்டை, பசிபிக் பெருங்கடலின் நடுவில், கப்பலும் தீவும் இல்லாத இடத்தில், ஒரு நீண்ட 8 அச்சிட்டிருக்கும். மேல் வளையம் சின்னது, கீழ் வளையம் பெரியது. ஏதோ அலங்காரம் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். ‘இதுல செப்டம்பர்னு போட்டிருக்கு’ என்றான். பெரியவள் கண்ணாடி வில்லையை எடுத்து வந்தாள். 8-ன் கோடு நெடுக மாதங்களும் தேதிகளும் பொடி எழுத்தில். குறுக்கே நிமிடங்கள். செப்டம்பர் 23 நிலநடுக்கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ‘சூரியன் முந்தி’ என்ற பக்கத்தில், 7-க்கும் 8-க்கும் நடுவே. நவம்பர் தொடக்கம் பெரிய வளையத்தின் வெளி விளிம்பில், 16-ஐத் தாண்டி. அவள் மனதுக்குள் கழித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ரசமட்டத்தைக் கீழே வைத்தேன்.

அதாவது சூரியன் கடிகாரம் போலச் சீராக ஓடுவதில்லை. பூமி நீள்வட்டத்தில் வேகம் மாறி மாறி ஓடுவதும், அதன் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதும் சேர்ந்து செய்யும் வேலை. நவம்பர் 3 வாக்கில் சூரியன் கடிகாரத்தை 16 நிமிடம் 25 நொடி முந்துகிறது, வருடத்திலேயே அதிகம் அதுதான். பிப்ரவரி 11 வாக்கில் 14 நிமிடத்துக்குமேல் பின்தங்கும். இரண்டும் ஒத்துப்போவது வருடத்தில் நான்கு நாள்கள்தான், ஏப்ரல், ஜூன், செப்டம்பர், டிசம்பரில் ஒவ்வொன்று. நான் ஒதுக்கிவைத்த அக்டோபர் 10-ம் தேதி 12:06-ஐ 8-இல் சரிபார்த்தால் கச்சிதமாகப் பொருந்தியது.

பெரியவள் அதோடு விடவில்லை. கோணலாக இருந்தால் பிழை வளர்ந்துகொண்டே போகும் அல்லது அப்படியே நிற்கும், 8 சொல்வது நிஜம் என்றால் இனிமேல் உச்சி திரும்பித் தாமதமாக வர வேண்டும் என்றாள். எனக்கு இது தோன்றியிருக்கவில்லை. காத்திருந்தோம். நவம்பர் 14 அன்று 12:03½. நவம்பர் 20 அன்று 12:04½, பொட்டு 152 செ.மீ.-யில். திரும்பிவிட்டது. அன்று அவர் நேரத்தைச் சொன்னதும் அவள் எழுதாமல் மறுபடி சொல்லச் சொன்னாள், காதில் விழாததால் இல்லை.

செலவு என்று பார்த்தால் காசு கொடுத்து வாங்கியது ரசமட்டமும் ஒரு பாக்கெட் ஸ்க்ரூவும்தான். மற்றதெல்லாம் கொட்டகையில் கிடந்தவை. நேரம் கூட்டிப் பார்த்தேன்: என்னுடைய வேலை மட்டும் 22 மணி நேரம், அதில் பாதி தேவையில்லாதது. குச்சியைச் சீவியது, சட்டத்தை நேராக்கியது, ப்ளைவுட், வெள்ளைப் பெயிண்ட், ரசமட்டத்தைச் சந்தேகப்பட்டது.

மறுபடி செய்தால் முதலிலேயே கதவை எடுப்பேன். இல்லையென்றால் துளையை 50 செ.மீ. உயரத்தில் வைத்துக் குளிர்காலம் வரைக்கும் ஒரே பலகையில் முடிப்பேன். துல்லியம் பாதியாகும், இடம் மாற்றும் தொல்லை இருக்காது. மேற்குப் பக்கத்து மரத்தையும் கவனித்திருப்பேன். செப்டம்பரில் அதன் நிழல் எங்கள் பக்கமே வரவில்லை. நவம்பரில் இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நின்றும், இரண்டு மணிக்கெல்லாம் கிளைகளின் நிழல் கதவின் மேல் வலை போல விழுகிறது. பிற்பகல் அளவே எடுக்க முடிவதில்லை. இடம் தேர்ந்தெடுக்கும்போது அன்றைய வெயிலைப் பார்க்கக் கூடாது, டிசம்பர் வெயிலைப் பார்க்க வேண்டும். ப்ளைவுட்டிலிருந்து கதவுக்கு மாறும் முன் இரண்டையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்திருந்தால் பாதிச் சந்தேகம் அன்றே தீர்ந்திருக்கும். இதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இன்று நவம்பர் 30. உச்சி 12:07½. பொட்டு 164 செ.மீ.-யில், முட்டை வடிவத்தில் நீண்டு கிடந்தது. வடக்கு விளிம்புக்கு இன்னும் 26 செ.மீ. இருக்கிறது. டிசம்பர் 21-க்கு 176 வரும் என்று கணக்கு, தாங்கும். சூரியனும் கடிகாரமும் ஒத்துப்போகும் டிசம்பர் 25-ஐச் சுவர் நாள்காட்டியில் பெரியவள் வட்டம் போட்டு, 12:19 என்று தன் கணிப்பை எழுதியிருக்கிறாள். எங்கள் நேர வலயத்தின் நடுக்கோட்டிலிருந்து நாங்கள் எவ்வளவு மேற்கே இருக்கிறோமோ அதன் கணக்கு அது, பாகைக்கு நான்கு நிமிடம். சின்னவன் அதற்குக் கீழே 12:20 என்று எழுதியிருக்கிறான். எப்படிக் கண்டுபிடித்தாய் என்றேன். அக்காவுடையதைவிட ஒன்று அதிகம் போட்டானாம்.